பணி முடிந்து வீடு திரும்பினோர்



சிறையிலிருந்து எழுதப்பட்ட ஒரு கடிதத்தின் கடைசி வரிகளை இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். புனித சின்னப்பர் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகம், நான்காம் அதிகாரம். தமது ஓட்டம் முடிவுக்கு வந்துவிட்டதை அப்போஸ்தலர் அறிந்திருக்கிறார். அந்நிலையில் அவர் கேட்பவை மிகச் சில. துரோவாவிலே விட்டுவந்த போர்வையை எடுத்துவரச் சொல்கிறார். புத்தகங்களைக் கேட்கிறார். குளிர்காலம் தொடங்குமுன் எப்படியாவது வந்துவிடும்படி மன்றாடுகிறார். அந்த மன்றாட்டுக்குச் சற்று முன்னே இரண்டு பெயர்களை நினைவுகூர்ந்து வாழ்த்து அனுப்புகிறார். பிரிஸ்கா, அக்கிலா என்னும் மனைவியும் கணவனுமே அவர்கள்.

குளிர்காலத்துக்கு முன் என்று ஏன் கேட்டார்? நமது கரையோர மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாரிகாலத்தில் வாடைக்காற்று எழும்பினால், வள்ளத்தைக் கரையேற்றிவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ. மத்தியதரைக் கடலிலும் அதே நிலைதான். உரோமையர் காலத்தில் நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடப்பட்டிருக்கும் காலமென்று கணக்கிட்டார்கள். அக்காலம் நெருங்கும்போது துணிந்து புறப்பட்ட கப்பலொன்றில் கைதியாகச் சென்ற சின்னப்பர், மால்ற்றாத் தீவருகே கப்பல் உடைந்து கரைசேர்ந்ததையும், அங்கே மூன்று மாதம் தங்கியதையும் அப்போஸ்தலர் பணி நூலில் வாசிக்கிறோம். கிழக்கிலிருந்து வந்து பிருந்திசித் துறையில் இறங்குபவர், அப்பியா நெடுஞ்சாலை வழியே 500 கிலோமீற்றருக்கு மேல் சென்றால்தான் உரோமையை அடையலாம். ஆக, அந்நாட்களில் வீடு திரும்புவது பருவம் பார்த்து, மாதக்கணக்கில் காத்திருந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் காரியம்.

இந்தத் தம்பதியர் அப்படி வீடு திரும்பியவர்கள்.

அக்கிலா கருங்கடல் ஓரத்துப் போந்து நாட்டிலே பிறந்தவர். குடியேறி வாழ்ந்த இடமோ உரோமை. கி.பி. 49 அளவில், யூதர் யாவரும் உரோமையை விட்டு வெளியேற வேண்டுமென்று கிளாவுதியு சக்கரவர்த்தி கட்டளையிட்டார். வீட்டை விட்டு இருவரும் கொரிந்து பட்டணம் வந்துசேர்ந்தனர். கூடாரம் செய்யும் தொழில் கையில் இருந்தது. அதே தொழில் தெரிந்த சின்னப்பர் அவர்களைத் தேடி வந்தார். அவர்களோடு தங்கினார், அவர்களோடு வேலை செய்தார். ஒன்றரை ஆண்டுகள் கொரிந்தில் நற்செய்தி முழங்கியது என்றால், அதற்கு ஒதுங்க ஓர் இடம் கொடுத்தவர்கள் அகதிகளாய் வந்த இந்த இருவரே.

பின்னர் சின்னப்பரோடு கப்பலேறி எபேசுக்குச் சென்றார்கள். அவர் தமது வழியே போக, இவர்கள் அங்கே தங்கினார்கள். அப்பொல்லோ என்னும் நாவன்மை மிக்க போதகர் ஒருவர் அங்கு வந்து பேசினார். அவரது போதனையில் ஒரு குறை இருந்தது. அருளப்பர் கொடுத்த ஞானஸ்நானத்துக்கு அப்பால் அவர் அறிந்திருக்கவில்லை. பிரிஸ்காவும் அக்கிலாவும் கூட்டத்தில் எழுந்து அவரை மடக்கவில்லை. தனியே அழைத்துச் சென்று பொறுமையாக விளக்கினார்கள். பிரசங்கத்தில் குறை கண்டால் கோவில் வாசலிலேயே கூடிப் பேசும் பழக்கம் உள்ள நாமும், குறை சொன்னால் முகம் சுளிக்கும் குருக்களாகிய நாங்களும் இதிலே கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு.

கி.பி. 54, ஒக்டோபர் 13. கிளாவுதியு இறந்தார். அவரது கட்டளையும் வலுவிழந்தது. வீட்டுக்குப் போகும் வழி திறந்துவிட்டது. ஆனால் கடல் மூடும் காலத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. அக்கரையில் காத்திருந்த எத்தனை குடும்பங்கள் அந்தக் குளிர்காலம் முழுவதும் நாளை எண்ணியிருக்கும்! இவர்களோ எபேசில் தங்கள் வீட்டிலே ஒரு சபையைக் கூட்டிவந்தார்கள். அந்தப் பணியைச் செய்துவிட்டே ஊர் திரும்பினார்கள்.

திரும்பியபின் என்ன செய்தார்கள்? அங்கேதான் வாசகர்களே, இக்கட்டுரையின் உயிர் இருக்கிறது. துரத்தப்பட்டு, கடல் கடந்து, சின்னப்பருக்காகத் தங்கள் கழுத்தையே கொடுக்க முன்வந்தவர்கள் அவர்கள். இனிப் படலையைச் சாத்திவிட்டு இளைப்பாறினால் யார் குறை சொல்வார்? ஆயினும் சில ஆண்டுகளில், கிரேக்க நாட்டிலே குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த சின்னப்பர் உரோமையருக்குத் திருமுகம் எழுதினார். அதன் முடிவில் நீண்டதொரு வாழ்த்துப் பட்டியல். முதலாவதாக வாழ்த்துப் பெறுவோர் பிரிஸ்காவும் அக்கிலாவும். கூடவே அவர்கள் வீட்டில் கூடும் சபைக்கும் வாழ்த்து. திரும்பிவந்த வீட்டின் கதவை அவர்கள் மறுபடியும் திறந்துவிட்டிருந்தார்கள்!

நமது நிலை என்ன? இடம்பெயர்வு என்றால் என்னவென்று நமக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990இலும் 1995இலும், பின்னர் 2009 வரையிலும் வீடு வாசல் இழந்து அலைந்தோம். அப்போது தறப்பாள் கொட்டிலிலும் மரநிழலிலும் கூடிச் செபமாலை சொன்னோம். ஒருவர் பானையில் இருந்ததை மற்றவர் பகிர்ந்தோம். பக்கத்துக் கொட்டிலில் பிள்ளை அழுதால் எழும்பிப் போய்ப் பார்த்தோம். பிறகு ஊர் திரும்பினோம். கல்வீடு எழுப்பினோம், மதில் கட்டினோம், படலைக்குப் பூட்டும் போட்டோம். கொட்டிலில் இருந்த சபை கல்வீட்டுக்குள் வந்ததா? அல்லது அதைத் தறப்பாளோடு சுருட்டி அங்கேயே விட்டுவந்தோமா?

இளைப்பாறிய ஆசிரியர்களும் தாதியரும், பல ஆண்டு உழைத்த உபதேசிமாரும் அவர்தம் துணைவியரும் என்னிடம் சொல்வதுண்டு: “சுவாமி, எங்கட கடமையைச் செய்து முடிச்சிட்டம். இனி இளம் பிள்ளையள் பாக்கட்டும்.” களைத்தவர் இளைப்பாற வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நடக்க முடியாத முழங்காலாலும் ஒரு வீட்டுக் கதவைத் திறந்து வைக்க முடியும். பிள்ளைகளெல்லாம் வெளிநாடு போய்விட, நான்கு அறைகள் பூட்டிக்கிடக்கும் வீடுகளே, அயலிலுள்ள சிறுவருக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்க உங்கள் விறாந்தை போதாதா? புதிதாய் மணமுடித்துச் சண்டையிடும் இளம் தம்பதியருக்கு, ஐம்பது வருடம் ஒன்றாய் வாழ்ந்த உங்கள் இருவரையும்விட நல்ல போதகர் யார்?

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்றது. 1981இல் குடும்பத்தைப் பற்றி எழுதிய பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர், வேதம் போதித்த தம்பதியருக்கு எடுத்துக்காட்டாக இந்த இருவரையே குறிப்பிட்டார். புதிய ஏற்பாட்டில் ஆறு இடங்களில் இவர்கள் பெயர் வருகிறது. ஓரிடத்திலாவது ஒருவரை விட்டு மற்றவர் தனியே வரவில்லை. நான்கு இடங்களில் மனைவியின் பெயரே முந்தி நிற்கிறது.

ஆரம்பத்தில் சொன்ன கடிதத்துக்கு மீண்டும் வருவோம். குளிருக்குப் போர்வை கேட்ட சிறைக்கைதி உரோமையில் இருக்கிறார். பிரிஸ்காவும் அக்கிலாவுமோ அங்கில்லை. அவர்களுக்குரிய வாழ்த்து எபேசில் இருந்த தீமோத்தேயுவுக்கு எழுதிய மடலிலே போகிறது. அதாவது, உரோமை வீட்டையும் விட்டு மறுபடி புறப்பட்டுப் போய்விட்டார்கள்! வீடு திரும்புதல் அவர்களுக்கு முடிவாக இருக்கவில்லை.

எல்லோருடைய வாழ்விலும் ஒரு மாரிகாலம் வரும். கடல் மூடும், வள்ளம் கரையேறும். அதற்கு முன்பாக இன்று மாலை செபமாலை வேளையில், பூட்டிய படலையை ஒருமுறை திறந்து, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுப் பாருங்கள். நிலையான வீட்டை நமக்காக ஆயத்தம் செய்யப் போயிருக்கும் ஆண்டவர், நமது சிறு வீட்டையும் தமக்கென ஏற்றுக்கொள்வாராக.