பார்க்காத பக்கங்கள்

ஆய்விதழ் ஒன்றுக்கு நான் அனுப்பிய கட்டுரை, அடிக்குறிப்புகளின் அமைப்பு சரியில்லை என்று திரும்பி வந்தது. ஆண்டு, பதிப்பகம், பக்க எண் எல்லாவற்றையும் கால்புள்ளி பிசகாமல் ஒழுங்குபடுத்தினேன். அவற்றில் மூன்று நூல்களை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பிறருடைய அடிக்குறிப்புகளிலிருந்து எடுத்தவை. வங்கியில் வவுச்சரைப் பாராமல் லெட்ஜரில் எழுதினால் விளக்கம் கேட்பார்கள். இங்கே படிப்பாளி என்கிறார்கள்.

மேற்கோள் சரி, பக்க எண்ணும் சரி என்றால் பொய் எங்கே இருக்கிறது? அடிக்குறிப்பு நூல் இருக்கும் இடத்தைச் சொல்வதோடு, நான் அங்கே போய்வந்தேன் என்றும் சொல்லிவிடுகிறது, வாய் திறக்காமலே. 2003இல் சிம்கின், ராய்சவுத்ரி என்ற இரு ஆய்வாளர்கள், விஞ்ஞானக் கட்டுரைகளின் குறிப்புகளில் அச்சுப்பிழைகள் அப்படியே தொற்றிச் செல்வதைக் கணக்கிட்டு, மேற்கோள் காட்டுவோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே மூலத்தைப் படித்திருப்பார் என்றார்கள். விகிதத்தைப் பற்றித் தர்க்கிக்கலாம். (ஒரே பிழையை இருவர் சுயமாகச் செய்வது அபூர்வம் என்பது கணக்கு எழுதுகிறவனுக்குத் தெரியும்.)

'இன்னார் நூலில் மேற்கோளாக' என்று சேர்க்க அமெரிக்க நவீன மொழிச் சங்கத்தின் கையேடே வழி தருகிறது. என் படிப்பின் எல்லை அச்சில் தெரிந்துவிடும் என்பதால்தான் விட்டிருந்தேன். புரூஃபில் மூன்று இடத்திலும் சேர்த்தேன். மூன்றாவதில் பேனா சற்று நின்றது.