நீர்யானையின் பின்பக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் டூர் என்று சொன்னால் அது அநேகமாகத் திருவனந்தபுரம் ஜூவில்தான் போய் முடியும். போய்வந்த பிள்ளைகளிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் புலி, சிங்கம் என்று ஆசிரியருக்குப் பிடித்த பட்டியலை ஒப்பிப்பார்கள். தனியாகக் கேட்டுப் பாருங்கள். நீர்யானை வாலைச் சுழற்றிச் சாணியை நாலாபக்கமும் விசிறியடித்ததைத்தான் சொல்வார்கள், அதுவும் நடித்துக் காட்டி. ஜூவுக்குப் போன எல்லாருக்கும் தெரிந்த ஒரு உண்மை இது: டிக்கெட் எடுத்து உள்ளே போனால் பெரும்பாலும் பார்க்கக் கிடைப்பது முகமல்ல, பின்பக்கம். மான் திரும்பி நிற்கும். சிங்கம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்.

இதை வைத்துப் படக்கதை போடுவது மற்ற மொழிகளில் சாதாரண விஷயம். 1977இல் ஜப்பானில் தாரோ கோமி, எல்லா உயிரும் ஆய் போகும் என்பதை மட்டுமே பொருளாக வைத்து ஒரு படப்புத்தகம் போட்டார். 1989இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு புத்தகத்தில், தன் தலையில் ஆய் இருந்தது யார் என்று ஓர் அகழெலி ஒவ்வொரு மிருகமாகத் தேடிப்போய் விசாரிக்கிறது. இரண்டும் பல மொழிகளுக்குப் போயின. தமிழில் விலங்குகளின் குண்டியைப் பற்றி எதுகையோடு ஒரு படப்புத்தகம் போட்டால் என்ன ஆகும்?

முதல் சண்டை சொல்லில் வரும். பிட்டம், புட்டம், பின்புறம், ஆசனம் எல்லாம் அச்சுக்குச் சம்மதம். குண்டிக்கு மட்டும் சம்மதமில்லை. ஆனால் நாஞ்சில் நாட்டு வீடுகளில், “பிள்ளைக்குக் குண்டி கழுவி விடு மக்ளே” என்று சொல்லாத பாட்டி உண்டா? குண்டி காய்ந்தால் குதிரையும் வைக்கோல் தின்னும் என்ற பழமொழி பசியைப் பற்றியது. அதில் ஆபாசம் எங்கே இருக்கிறது? எதுகைக்கும் பஞ்சமில்லை: வண்டி, சண்டி, மண்டி, நொண்டி. மொழி தயாராகத்தான் இருக்கிறது. நாம்தான் இல்லை.

இத்தனைக்கும் பின்பக்கத்தைக் கும்பிட்ட சமூகம் நாம். பசுவின் பின்புறத்தில் லட்சுமி இருக்கிறாள் என்று அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்களை இன்றும் பார்க்கலாம். ஸ்ரீரங்கத்தில் காலை விசுவரூப தரிசனத்தில் பசு பெருமாளுக்குப் பின்பக்கத்தைக் காட்டியபடிதான் நிற்கும். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பசுவையும் கன்றையும் வைத்து எழுதிய பாட்டைத் தெரியாத தமிழ்ப் பிள்ளை குறைவு. அதில் பசு கன்றை நக்குகிறது. எங்கே நக்குகிறது என்று அவர் சொல்லவில்லை. தொழுவம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கன்று பால் குடிக்கும்போது தாய் முதலில் தலையைத் திருப்பி அதன் வாலடியைத்தான் நக்கும். நக்கினால்தான் இளங்கன்றுக்கு ஒழுங்காகச் சாணி போகும். கவிமணிக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? பாட்டுக்கு வேண்டாம் என்று விட்டிருப்பார்.

சரி, சொல் கிடக்கட்டும். எனக்கு உண்மையில் தொந்தரவாக இருப்பது சிரிப்புதான். கூண்டில் அடைபட்ட ஒரு உயிர் நமக்கு முதுகைக் காட்டுகிறது. அதனால் செய்ய முடிந்த ஒரே மறுப்பு அதுவாக இருக்கலாம். அதைப் பார்த்தும் சிரிக்கிறோம் என்றால் அது என்ன வகைச் சிரிப்பு? பெர்க்சன் 1900இல் வெளிவந்த ‘சிரிப்பு’ என்ற நூலில், நாம் விலங்கைப் பார்த்துச் சிரிக்கும்போது அதில் தெரியும் மனிதச் சாயலுக்குத்தான் சிரிக்கிறோம் என்கிறார். சிரிப்பதற்கு இதயம் கொஞ்ச நேரம் மரத்துப்போக வேண்டும் என்றும் சொல்கிறார். விலங்குக்கு அவமானம் தெரியாது, அதனால் தப்பில்லை என்று சிலர் வாதாடலாம். கான்ட் வேறு பக்கமாக வருவார்: விலங்கிடம் பழகிய கொடுமை மனிதரிடமும் வரும் என்பது அவர் கவலை. இதை வகுப்பறையில் பார்க்கலாம். குரங்கின் சிவந்த பின்பக்கத்துக்குச் சிரித்த பையன் மறுநாள் பக்கத்து பெஞ்சுப் பையனைக் குரங்கு என்று களியாக்குவான். குண்டாக இருக்கிற பிள்ளைக்கு நீர்யானை என்று பட்டம் கிடைக்கும். அந்தப் பட்டம் பத்தாம் வகுப்பு வரை கூடவே வரும்.

உடலில் எது வெட்கம், எது மரியாதை என்பதை இந்த மண்ணில் இயற்கை முடிவு செய்யவில்லை. அன்று இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவிக்க 1859 வரை ஆனது. அதுவும் மேல்சாதிப் பெண்கள் அணிவது மாதிரி அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த அறிவிப்பை வெளியிட்ட உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில்தான் திருவனந்தபுரம் மிருகசாலையும் வந்தது. விலங்குகளுக்குக் கம்பி போட்ட அதே அரசு மனிதர்களின் துணிக்கும் அளவு வைத்திருந்தது. ஆகவே, “சீ, அசிங்கம்” என்று பெரியவர்கள் சொல்லும்போது, யார் வைத்த அசிங்கம் என்று ஒரு கேள்வியாவது கேட்க வேண்டியிருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் படும் இன்னொன்று உண்டு. போக்சோ சட்டம் 2012இல் வந்தது. ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ என்று பள்ளிகளில் இப்போது சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் யாரோ ஒருவன் எங்கே தொட்டான் என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு முதலில் சொல் வேண்டும். அந்தச் சொல்லைச் சொன்னால் வாயில் அடி விழும் என்று அது நாலு வயதிலேயே கற்றிருந்தால், எட்டு வயதில் “அங்க” என்று மட்டும் சொல்லும். “எங்கடா?” என்று கேட்டால் தலையைக் குனியும். மூடி வைத்த சொல் பிள்ளையைக் காப்பாற்றுவதில்லை, தொட்டவனைத்தான் காப்பாற்றுகிறது. இந்தப் புத்தகம் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும். சிரிப்பு கூலி மாதிரி, கூடவே கிடைக்கும்.

எப்படிப்பட்ட சிரிப்பு என்பதை எழுதுகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். “உன் குண்டியைப் பாரு” என்ற சிரிப்பும், “எல்லாருக்கும் குண்டி இருக்கு” என்ற சிரிப்பும் ஒன்றல்ல. இரண்டாவதில் யானையும் எலியும் தலைமையாசிரியரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். கூடவே கொஞ்சம் விஷயமும் இருக்கட்டும். புள்ளிமான் ஆபத்து என்றால் வாலைத் தூக்கி அடியிலுள்ள வெள்ளையைக் காட்டும். சிம்பன்சிகள் தங்களுக்குப் பழக்கமான சிம்பன்சியின் பின்பக்கப் போட்டோவைப் பார்த்தே அது ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும். இதை ஆராய்ந்து 2008இல் எழுதிய ஃபிரான்ஸ் டி வாலுக்கும் ஜெனிஃபர் போகார்னிக்கும் 2012இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற பரிசு அது. நமக்கு அசிங்கமாகத் தெரிவது சிம்பன்சிக்கு அடையாள அட்டையாக்கும்.

ஓவியருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பக்கத்தையாவது கூண்டுக்கு உள்ளேயிருந்து வரையுங்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற யூனிஃபார்ம் கூட்டம் அலுத்துப்போய் ஐஸ்க்ரீம் கடைப் பக்கம் திரும்பிப் போகிறது. சிங்கவால் குரங்கு அத்தனை டவுசர்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பதிப்பகத்தில் கடைசி நேரத்தில் ‘குண்டி’யைப் ‘பின்புறம்’ என்று மாற்றச் சொல்வார்கள், நூலகத்துக்கு எடுக்க மாட்டார்கள் என்று காரணமும் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பின்புறத்துக்கு எந்தப் பிள்ளை சிரிக்கும்?