பச்சையாகத்தான் இருக்கிறது

ஜூனிபர் செடிக்கு ஒரு குணம் உண்டு. செத்துப்போன பிறகும் சில வாரங்கள் பச்சையாகவே நிற்கும். வேர் காய்ந்திருக்கும், தண்ணீர் மேலேறுவது நின்றுபோயிருக்கும். ஆனால் இலை நிறம் மாறாது. வளர்ப்பவர் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, "நல்லாத்தானே இருக்கு" என்று நம்பிக்கொண்டிருப்பார். ஒரு நாள் இலை மங்கும், தொட்டால் மொறுமொறுவென்று உதிரும். அது அன்றைக்குச் சாகவில்லை. என்றைக்கோ செத்தது அன்றைக்குத்தான் தெரிகிறது.

எங்கள் புத்தூர் மாதிரி இடத்தில் இது எளிதாக நடக்கக்கூடிய மரணம். இணையத்தில் ஆர்டர் போட்டால் அட்டைப்பெட்டிக்குள் ஒரு சின்ன ஜூனிபர் கன்று வீட்டுக்கே வந்துவிடும். ஹாலில் டிவி பக்கத்தில் வைத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஜூனிபர் வீட்டுக்குள் வாழ்கிற மரம் இல்லை. அதற்கு நேரடி வெயில் வேண்டும், காற்று வேண்டும். குளிர்காலத்தில் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வெடுக்கும் சில மாதங்களும் வேண்டும். அதன் சொந்தக்காரர்கள் இமயமலையில் லடாக், லாஹௌல் பக்கம் வளர்கிறார்கள். லடாக்கில் அதன் இலையைப் புகைத்து வழிபடுகிறார்கள். திருச்சியில் கோடை 40 டிகிரியைத் தாண்டும், மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். அந்த மரம் தூங்குவதற்கு இங்கே ஒரு பருவமே கிடையாது.

ஒரு ஜூனிபர் கன்றை வாங்குவது சின்ன விஷயம். ஆனால் அதை போன்சாயாக வளர்க்க உட்கார்ந்தால் ஒரு பெரிய கேள்வி கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்னொரு உயிரை நம் விருப்பத்துக்கு வளைக்கலாமா?

"பாவம்ங்க, மரத்தை இப்படிச் சித்ரவதை பண்றாங்க" என்பது வழக்கமான குற்றச்சாட்டு. இதற்கு வழக்கமான பதில்களும் உண்டு. போன்சாய் என்பது குள்ளமான சாதி இல்லை. அதே மரத்தைத் தரையில் நட்டால் மறுபடி வளர ஆரம்பிக்கும். அதைப் பட்டினி போட்டுச் சிறிதாக்குவதும் இல்லை, ஒழுங்காக உரமும் நீரும் தருகிறார்கள். மரத்துக்கு நரம்பு மண்டலம் கிடையாது, நமக்கு வலிக்கிற மாதிரி அதற்கு வலிக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. வெட்டுவதே கொடுமை என்றால் விவசாயி செய்வதெல்லாம் கொடுமைதான். மல்லிகைக்குக் கவாத்து பண்ணாமல் பூ இல்லை. முருங்கையை வெட்டிவிட்டால்தான் கைக்கு எட்டுகிற உயரத்தில் காய்க்கும். புத்தூர் வழியாக ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலே மனிதன் காவிரியிலிருந்து பிரித்துத் தன் வயலுக்கு வளைத்துக்கொண்ட தண்ணீர்தான்.

இயற்கையும் வளைக்கிறது. நம் ஊர்ப் பழைய மதில்களில், கோபுர இடுக்குகளில் முளைக்கும் அரசங்கன்றுகளைப் பாருங்கள். கையளவு மண்கூட இல்லாத விரிசலில் வருஷக்கணக்காகக் குட்டையாகவே நிற்கும். யாரும் அதற்குக் கம்பி கட்டவில்லை. ஆகவே சிறிதாக இருப்பது அவமானமும் இல்லை, வெட்டுவது தன்னளவில் பாவமும் இல்லை.

ஆனாலும் இந்தப் பதில்களோடு என்னால் நின்றுவிட முடியவில்லை. மதில் விரிசல் அந்த அரசங்கன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. நாம் தேர்ந்தெடுக்கிறோம். பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

தரையில் இருக்கும் மரம் தண்ணீர் இல்லாவிட்டால் வேரை ஆழமாக அனுப்பும், பக்கவாட்டில் தேடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆழமில்லாத தட்டில், வேர் வெட்டப்பட்டு இருக்கும் மரத்துக்கு அந்த வழி இல்லை. நாம்தான் அதை எடுத்துவிட்டோம். சித்திரை வெயிலில் ஒரே ஒரு நாள் தண்ணீர் விட மறந்தால்கூட அதன் கதை முடியலாம். மூன்று நாள் கல்யாணத்துக்கு வெளியூர் போகிறவர், பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, "காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை" என்று கெஞ்சிவிட்டுத்தான் போக முடியும். எனக்குத் தெரிகிற நியாயம் இதுதான்: ஓர் உயிரின் வேரைக் குறுக்குகிறவர், அதற்கு வேராக இருக்கக் கடமைப்பட்டவர். அந்தக் கடமையை ஏற்காமல் வளைப்பதுதான் கொடுமை.

இதற்குப் பெரிய உதாரணம் வாஷிங்டனில் இருக்கிறது. அங்கே உள்ள தேசியப் போன்சாய் அருங்காட்சியகத்தில் ஒரு வெள்ளைப் பைன் மரம் நிற்கிறது. 1625 முதல் போன்சாயாக வளர்க்கப்படுவது. அப்போது நம் திருச்சி நாயக்கர் ஆட்சியில் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது, அங்கிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தூரத்தில் யமாகி குடும்பத்தின் தோட்டத்தில் அந்த மரம் இருந்தது. தோட்டத்துச் சுவர் அதைக் காப்பாற்றியது. மசாரு யமாகி 1976இல் அதை அமெரிக்காவுக்கே பரிசாகக் கொடுத்தார். 2001இல் அவருடைய பேரன்கள் வந்து பார்த்தபோதுதான் அது குண்டுக்குத் தப்பிய மரம் என்பது அருங்காட்சியகத்துக்கே தெரிந்தது.

இந்தக் கதையைச் சொல்லி, "பாருங்க, போன்சாய்னா 400 வருஷம் வாழும்" என்பார்கள். நீண்ட ஆயுள் ஒரு வாதமே இல்லை. கூண்டுக்குள்ளும் நெடுநாள் வாழலாம். நான் எண்ணிப் பார்ப்பது வேறொன்றை. 400 வருஷம் என்றால் 400 கோடை. ஒவ்வொரு கோடையிலும் யாரோ ஒருவர் அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். ஒரு தலைமுறை இறக்கும்போது அடுத்த தலைமுறை வாளியை வாங்கியிருக்கிறது. மரம் மட்டும் மனிதனுக்குக் கட்டுப்படவில்லை. மனிதர்களும் அந்த மரத்துக்குக் கட்டுப்பட்டார்கள்.

இப்போது கம்பிக்கு வருவோம். ஜூனிபர் கிளையை வளைக்க அலுமினியக் கம்பியையோ செப்புக் கம்பியையோ சுருளாகச் சுற்றி, மெதுவாகத் திருப்புவார்கள். சில மாதங்களில் கிளை அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். ஜூனிபர் விஷயத்தில், வளையும். முற்றிய கிளையைக்கூட நாரால் சுற்றிப் பாதுகாத்து, அவசரப்படாமல், கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கிறார்கள். அந்தப் பழமொழியில் எனக்கு உறுத்துவது வயசுக் கணக்கு இல்லை. எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று யார் முடிவு செய்தது என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.

கம்பியில் இன்னொரு விஷயம் உண்டு. கம்பி வளராது, கிளை வளரும். சரியான நேரத்தில் எடுக்காவிட்டால் கம்பி பட்டைக்குள் இறங்கிவிடும். அந்தத் தழும்பு பல வருஷம் மறையாது. எடுக்கும்போது சுற்றிப் பிரிக்கக் கூடாது, துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் கிளை முறியும். கட்டுவதைவிட எடுப்பதற்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். நம் வீடுகளில் கட்டத் தெரிந்தவர்கள் நிறைய. "இந்த வயசுல இப்படித்தான் இருக்கணும்" என்று எட்டாம் வகுப்பில் சுற்றியது, முப்பது வயதிலும் அப்படியே இருக்கிறது. அதை எடுக்க வேண்டும் என்பதே யாருக்கும் தோன்றவில்லை.

பிள்ளை வளர்ப்பை மரம் வளர்ப்போடு ஒப்பிடுவது அபாயமானது என்று தெரியும். ஒரு குழந்தையை வளைக்காமலே வளர்க்க முடியாது. மொழி சொல்லிக் கொடுப்பதே ஒரு வளைப்புதான். ஆனால் அளவும் நோக்கமும் வேறுபடுகின்றன. 'அடக்கம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பணிவும் அடக்கம், புதைப்பதும் அடக்கம். "அடக்கமான பொண்ணு" என்று பாராட்டும்போது எந்த அர்த்தத்தில் சொல்கிறோம் என்று ஒரு கணம் நின்று பார்ப்பதில்லை. ஒரு பெண்ணோ பையனோ வீட்டுத் தட்டின் அளவுக்கு அழகாகப் பொருந்திவிட்டால், அது வளர்ப்பின் வெற்றி என்று உறவினர்கள் கைதட்டுகிறார்கள். "எப்படி இருக்கே?" என்றால், "நல்லா இருக்கேன்" என்று பதில் வரும். பச்சையாகத்தான் இருக்கிறது.

மரத்துக்கும் மனிதருக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இங்கேதான். மரத்திடம் கேட்க முடியாது. பட்டையை நகத்தால் லேசாகக் கீறி, உள்ளே ஈரப்பச்சை இருக்கிறதா என்று பார்க்கலாம். சிறுகிளை இன்னும் வளைகிறதா, ஒடிகிறதா என்று பார்க்கலாம். அவ்வளவுதான் வழி. மனிதரிடம் கேட்கலாம். மறுக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டுக் கேட்கலாம். கேட்க முடிந்தும் கேட்காமல் வளைப்பவருக்கு, மரம் வளர்ப்பவருக்கு இருக்கும் சமாதானம்கூடக் கிடையாது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருவானைக்காவில் இதற்கு நேரெதிரான ஒரு கதை இருக்கிறது. அங்கே தல மரம் வெண்நாவல். ஜம்பு முனிவர் சிவனுக்கு நாவல் பழம் கொடுத்தார். சிவன் உமிழ்ந்த விதையைப் பிரசாதமாக எண்ணி முனிவர் விழுங்கிவிட்டார். விதை உள்ளேயே முளைத்து, அவர் தலையைப் பிளந்துகொண்டு மரமாக எழுந்தது. கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். போன்சாயில் மரம் மனிதனின் தட்டுக்குள் ஒடுங்குகிறது. இங்கே மனிதன் மரத்துக்குத் தட்டாகிறான், அது வளர வளர உடைந்தும் போகிறான். எல்லோரும் முனிவராக முடியாது, ஆகவும் வேண்டாம். ஆனால் வளர்ப்பது என்றால் வளர்ப்பவருக்கும் கொஞ்சம் விரிசல் விழும் என்பதை அந்த நாவல் மரம் ஞாபகப்படுத்துகிறது.

ஆகவே, புதிதாகத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்தால் ஜூனிபரை யோசியுங்கள். இலையை மொத்தமாக வழிக்காதீர்கள், பச்சை இல்லாத ஜூனிபர் கிளை பெரும்பாலும் திரும்பத் துளிர்ப்பதில்லை. வேர் வெட்டு, கிளை வெட்டு, கம்பி மூன்றையும் ஒரே பருவத்தில் செய்யாதீர்கள். ஓர் உயிர் ஒரு நேரத்தில் ஒரு காயத்தைத்தான் தாங்கும். திருச்சியில் இருந்தால் ஆல், இச்சி, புளி, கொடுக்காப்புளி போதும். நம் வெயில் அவற்றுக்குப் புதிதில்லை. எந்த வடிவத்தில் வளைக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், இந்த உயிர் இந்த மண்ணில் தூங்கி எழ முடியுமா என்று கேட்பதுதான் முறை.

முதல் வருஷம் கத்தரிக்கோலை உள்ளேயே வைத்துவிடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஒரு வருஷம் தவறாமல் அதைச் செய்ய முடிந்தால், வெட்டலாமா என்று யோசிக்கும் தகுதி வந்திருக்கும். ஒருவேளை அதற்குள் வெட்டும் ஆசையே குறைந்தும் போயிருக்கலாம்.