மிச்சத் தண்ணீர்

“மிச்சம் இருந்தது தம்பி” என்றார் அந்த அக்கா. முப்பது வருடத்துக்கு முந்தைய தண்ணீரைப் பற்றித்தான் சொன்னார்.

2022 மார்ச்சில், தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் நாலாம் மணல் திட்டில் தவித்து நின்ற ஆறு பேரைக் கடலோரக் காவல்படை மீட்டு வந்ததே, அந்தச் செய்தி டிவியில் ஓடிய அன்று. இலங்கையில் விலைவாசி தாங்காமல் கிளம்பியவர்கள். நாலு மாதக் கைக்குழந்தையும் அவர்களோடு இருந்தது. திட்டில் இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிட்டது. திருச்சி பொன்மலையில் எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா அதைப் பார்த்தபடி மெஷினிலிருந்து காலை எடுத்தார். கொட்டப்பட்டு அகதிகள் முகாமில் பல வருடம் இருந்தவர் என்று தெரியும். எப்படி வந்தார் என்று நான் கேட்டதில்லை. மனைவியின் ரவிக்கையை வாங்கிப் போக வந்த ஆளிடம் சொல்கிற கதையும் இல்லை அது. ஆனாலும் சொன்னார்.

1990 ஜூனில் இலங்கையில் சண்டை மறுபடி மூண்டு, படகு படகாக ஜனங்கள் ராமேஸ்வரம் வந்து இறங்கிய காலம். இவர்கள் மன்னார்ப் பக்கம் பேசாலையில் ஏறினார்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். நடுவில் இயந்திரம் நின்றுவிட்டது. ஒரு ராத்திரியும் மறுநாள் பொழுது சாயும் வரையும் நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போனார்கள். பொதுவில் ஒரு கேன் தண்ணீர். படகின் ஓட்டி அதைத் தன் காலிடுக்கில் வைத்துக்கொண்டு மூடியால் அளந்து கொடுத்தார், பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் ஒரே மூடி. அக்காவின் துணிப்பைக்குள், கைப்பிள்ளையின் துணிகளுக்கு நடுவில், ஒரு சோடாப் போத்தல் நிறையத் தண்ணீர் இருந்தது. பால்மா கரைக்க எடுத்து வைத்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த ஆறேழு வயதுப் பெண்பிள்ளை அதைப் பார்த்துவிட்டது. “கேக்கேல்லை தம்பி. தாய்க்கும் சொல்லேல்லை. சும்மா பாத்துக்கொண்டு இருந்தது.”

மறுநாள் மீனவர்கள் கண்டு, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். யாரும் சாகவில்லை. அந்தப் பிள்ளையும் நன்றாகவே கரையேறியது. மண்டபம் முகாமில் பையைப் பிரித்தபோது போத்தலில் பாதித் தண்ணீர் இருந்தது.

நடந்தது அவ்வளவுதான். ஒருவருக்கும் கேடில்லை. நான் ரவிக்கையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பாதிப் போத்தல் என்னோடு வந்துவிட்டது. அது காலியாகி இருந்தால் அக்கா இத்தனை வருடம் சுமந்திருப்பாரா? சொட்டு விடாமல் கைப்பிள்ளைக்கே போயிருந்தால் வேறு வழியில்லை என்று மனம் கணக்கை மூடியிருக்கும். அந்த மிச்சம்தான் மூட விடவில்லை. ஆனால் அதை மிச்சம் என்று கரையில் நின்றுதானே சொல்ல முடிகிறது? படகில் இருக்கும்போது அது நாளைக்கான தண்ணீர், நாளை மறுநாளுக்கானதும்கூட. மீனவர் வரப்போகிற நேரம் தெரிந்திருந்தால் யாரும் தாராளமாக இருக்கலாம்.

கல்லூரிக் காலத்தில் சட்டம் படித்த நண்பனின் புத்தகத்தில் ஒரு வழக்கைப் படித்திருக்கிறேன். ‘மிக்னொனெட்’ என்ற சின்ன உல்லாசப் படகு, 1884 மே மாதம் இங்கிலாந்திலிருந்து சிட்னிக்குக் கிளம்புகிறது. ஜூலை 5 அன்று தென் அட்லாண்டிக்கில் மூழ்குகிறது. கேப்டன் டட்லி, ஸ்டீபன்ஸ், புரூக்ஸ், பதினேழு வயது ரிச்சர்ட் பார்க்கர் என்ற நாலு பேரும் ஒரு குட்டிப் படகில் தப்புகிறார்கள். கையில் இரண்டு டின் டர்னிப் கிழங்கு, குடிதண்ணீர் கிடையாது. வழியில் ஓர் ஆமை சிக்கியது. அதுவும் தீர்ந்தது. கடல் தண்ணீரைக் குடித்துப் பையன் நினைவு தப்பிக் கிடந்தான். இருபதாம் நாள் வாக்கில் டட்லி அவனைக் கொன்றார், ஸ்டீபன்ஸ் சம்மதித்தார். மூவரும் தின்றார்கள். நாலு நாள் கழித்து ஜெர்மன் கப்பல் ஒன்று வந்தது. கப்பல் கண்ணில் பட்டபோது காலை உணவில் இருந்தோம் என்று டட்லியே சொன்னாராம். அங்கேயும் மிச்சம் இருந்திருக்கிறது.

டட்லிக்கும் ஸ்டீபன்ஸுக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு ஆறு மாதச் சிறையாகக் குறைந்தது. படித்த நாளில் நான் அவர்களைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டவர் புரூக்ஸ். கொலைக்கு அவர் உடன்படவில்லை. ஆனால் தின்றார். அரசுத் தரப்புச் சாட்சியாகி வீட்டுக்கும் போய்விட்டார். கொல்ல மாட்டேன், ஆனால் கொன்றதில் எனக்கும் பங்கு உண்டு என்று நிற்கிற அந்த மூன்றாம் ஆளைச் சட்டம் எப்படி விட்டது என்று நண்பனிடம் சண்டை போட்டேன். அவன் பரீட்சைக்கு அது வராது என்றான்.

புரூக்ஸை நினைத்தால் எனக்கு எங்கள் காலனி வீட்டுக் கொல்லைப்புறம் நினைவுக்கு வருகிறது. 1974 மே 8 அன்று நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர், எனக்கு எட்டு வயது. பொன்மலையில் வேலைநிறுத்தத்தை மீறுவது லேசான விஷயம் கிடையாது. 1946 செப்டம்பர் 5 அன்று இதே ஊரில் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள், அந்த நாளை அப்பா தலைமுறை திவசம் மாதிரி வைத்திருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இருட்டோடு வேலைக்குப் போனார். கருங்காலி என்று தெருவே பேசியது. குழாயடியில் அவர் மனைவி குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்திக்கொள்வார்கள். என் அம்மாவும் நகர்த்துவாள்.

அரிசி டப்பா அடியைத் தொட்ட வாரத்தில், அதே பக்கத்து வீட்டம்மா ராத்திரி கொல்லைப்புறமாகத் தூக்குச்சட்டியில் அரிசி கொண்டுவந்து கொடுத்தார். அம்மா வாங்கிக்கொண்டாள். காலையில் குழாயடியில் பழையபடி குடத்தை நகர்த்தினாள். அந்தச் சோற்றை அப்பா சாப்பிட்டார், நாங்களும் சாப்பிட்டோம். எங்கிருந்து வந்தது என்று அப்பா கேட்டாரா, கேட்காமல் இருப்பதே நல்லது என்று இருந்தாரா, எனக்குத் தெரியாது. மே 27 அன்று வேலைநிறுத்தம் முடிந்தது. அம்மா அரிசியைத் திருப்பிக் கொடுத்தாளா என்பதும் தெரியாது. அந்த அம்மா ஏன் கொடுத்தார்? இரக்கமா, இல்லை எங்கள் வீட்டையும் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளும் ஆசையா? ரெண்டும் கலந்திருக்கலாம்.

புரூக்ஸ்மீது எனக்கிருந்த கோபம் இந்த நினைவு வந்ததும் கொஞ்சம் தளர்ந்துபோனது உண்மை. அது நியாயத்தால் தளர்ந்ததா, அம்மா என்பதால் தளர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல வரவில்லை.

இந்த ஊருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பணிமனையே நாகப்பட்டினத்திலிருந்து 1920களில் இங்கே இடம் மாறி வந்ததுதான். கடற்காற்றில் வளர்ந்த குடும்பங்கள் பாறையடியில் வந்து குடியேறின. என் கடல் அறிவு அதோடு சரி. ஓட்டி, நீரோட்டம், திட்டு எல்லாம் அக்கா சொல்லித்தான் தெரியும்.

போத்தலைப் பற்றி எனக்கு முதலில் தோன்றியது இது: அக்கா அதை வெளியே எடுத்துக் காட்டியிருந்தால் படகில் இருந்தவர்களே ‘கைப்பிள்ளைக்கு வைத்துக்கொள்’ என்று சொல்லியிருக்கக் கூடும். நல்லவர்களாக இருக்க அவர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய வாய்ப்பை அக்கா ஒளித்துவிட்டார். யோசிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டி அதையும் கேனில் ஊற்றி, பிள்ளைக்கும் ஒரு மூடி என்று சொல்லியிருந்தால்? அடுத்தவர் நல்ல குணத்தைச் சோதித்துப் பார்க்கப் பிள்ளையின் உயிரையா பந்தயம் வைப்பது? விசிறிக்கடியில் உட்கார்ந்து இதை எழுதுகிற எனக்கு அந்தப் பந்தயம் மலிவு.

நல்லவனாக இருக்கப் படகு கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டுமோ என்றுகூடத் தோன்றியது. 1986 ஆகஸ்ட் 11 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால், பனிமூட்டத்தில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத்தமிழர்களைக் கஸ் டால்டன் என்ற மீனவரும் அவர் கூட்டாளிகளும் கண்டார்கள். டால்டன் முதலில் ஏற்றிக்கொண்டார், கேள்வியெல்லாம் பிறகு வந்தது. இந்தியாவிலிருந்து வந்தோம் என்று மிதந்தவர்கள் சொன்னார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து சரக்குக் கப்பலில் வந்து நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள் என்பது சில நாளில் வெளிவந்தது. பொய் சொன்னார்கள் என்று அங்கே பலர் கொதித்தார்கள். ஆனாலும் கனடா அவர்களை இருக்கவிட்டது. முப்பது வருடம் கழித்து 2016இல் அவர்களில் சிலர் அதே கரைக்குப் போய் டால்டனைப் பார்த்து நன்றி சொன்னார்கள். கடலில் அவர்கள் ஒளித்து வைத்திருந்தது ஓர் ஊரின் பெயரை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டால்டனைக் கொண்டாட எளிதாக வருகிறது. பெரிய படகில் இருந்தவர் என்று அவரைச் சிறிதாக்கப் பார்த்தேன், உடனே பேசாலை ஓட்டி குறுக்கே வந்தார். அவர் படகு சின்னது, தாகமும் மற்றவர்களுக்கு இருந்த அதே தாகம்தான். மூடியை மட்டும் அவர் யாருக்கும் சாய்த்து ஊற்றவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி தையல் பிரித்துக்கொண்டே, “தாய்னா அப்படித்தாங்க செய்வா, இதுல என்ன யோசனை?” என்றாள். பேச்சை அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் டட்லியின் கணக்கும் ஏறக்குறைய இதுதான். எங்களுக்கு மனைவி மக்கள் இருக்கிறார்கள், பையனுக்கு யாரும் இல்லை என்றார் அவர். பார்க்கர் தாய் தகப்பன் இல்லாதவன். தனக்கென்று ஒரு பிள்ளை இருப்பது எதிரே இருக்கும் பிள்ளைக்குக் கொடுக்காமல் இருக்கப் போதுமான காரணம் என்றால், அதே காரணம் எதுவரை இழுத்துக்கொண்டு போகும்? கொடுக்காமல் இருப்பதும் பறிப்பதும் ஒன்றல்ல என்று மனைவி அடித்துச் சொல்கிறாள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். பார்க்கரின் அண்ணன் நீதிமன்றத்தில் டட்லியின் கையைப் பிடித்துக் குலுக்கினார் என்று படித்த ஞாபகம் வந்ததும், கடலுக்குப் போய் வந்தவர்கள் அந்தக் கோட்டை எங்கே போடுவார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அக்காவிடமே கேட்கலாம் என்றால், கேட்க எனக்கு என்ன உரிமை என்பதும் புரியவில்லை.