மேட்டின்மேல் ஒரு குடும்பம்

க்ரீஸி 1851-ல் வெளியிட்ட, உலக சரித்திரத்தைத் தீர்மானித்த பதினைந்து போர்கள் பற்றிய புத்தகத்தில் ஆர்பெலா போர் என்று ஓர் அத்தியாயம் உண்டு. கி.மு. 331-ல் அலெக்ஸாண்டர் பாரசீக மன்னன் டேரியஸை முறியடித்த போர். உண்மையில் போர் நடந்தது தொலைவில் உள்ள காகமெலாவில். தோற்ற டேரியஸ் ஓடிவந்த ஊர் ஆர்பெலா, சம்பந்தம் அவ்வளவுதான். காகமெலா ஒரு குக்கிராமம் என்பதால் பெயர் தெரிந்த ஊருக்குப் போய்விட்டது. இதைப் படித்த காலத்தில் ஆர்பெலா இன்னும் இருக்கிறது, அங்கே ஆட்கள் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பழைய பெயர்களெல்லாம் செத்த ஊர்கள் என்று நினைத்துக்கொள்வது ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு வரும் வியாதி.

அந்த ஆர்பெலாதான் எர்பில். குர்துகள் ஹெவ்லேர் என்கிறார்கள். இராக்கின் வடக்கே, குர்திஸ்தான் பிராந்தியத்தின் தலைநகர். நகரின் நடுவில் சுமார் 30 மீட்டர் உயர மேடு. அதன்மேல் ஏறக்குறைய 10 ஹெக்டேரில் பழைய ஊர். மேடு இயற்கையானதல்ல. மண்செங்கல் வீடு இடிந்தால் அதை நிரவி, மேலே அடுத்த வீடு. இப்படியே 6,000 வருஷங்களுக்குக் குறையாமல். கோட்டை என்று சொல்கிறார்கள். ஆனால் கீழேயிருந்து பார்ப்பவனுக்குக் கோட்டை மதிலாகத் தெரிவது, பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் வெளிச்சுவர்கள்தாம்.

என்னைத் தொந்தரவு செய்யும் விஷயம் 2007-ல் நடந்தது. மேட்டின்மேல் குடியிருந்த 840 குடும்பங்களைப் பிராந்திய அரசு வெளியேற்றியது. மனை கொடுத்தார்கள், பணமும் கொடுத்தார்கள். காரணமும் நியாயமானதே. வீடுகள் சரிந்துகொண்டிருந்தன, கழிவுநீர் மேட்டுக்குள் இறங்கி அதை அரித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் போனபின் ஒரே ஒரு குடும்பத்தை மட்டும் இருக்க வைத்தார்கள். இடைவிடாமல் மனிதர் குடியிருந்துவரும் இடம் என்ற பெருமை அறுந்துவிடக் கூடாது என்பதற்காக.

படித்ததும் சிரித்துவிட்டேன். தொழில் பழக்கம். இரண்டு வருஷம் வாடிக்கையாளரின் கை படாத கணக்கை வங்கி செயலற்ற கணக்காக ஒதுக்கிவிடும். விவரம் தெரிந்த ஆள் நடுவில் வந்து பத்து ரூபாய் கட்டிவிட்டுப் போவார். அது சேமிப்பில்லை என்று அவருக்கும் தெரியும், சலானில் முத்திரை குத்தும் எனக்கும் தெரியும். ஆனாலும் கணக்கு உயிரோடிருக்கிறது என்பதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. என் சிரிப்பு அதற்குமேல் நீடிக்கவில்லை.

எதனுடைய தொடர்ச்சி இது? ரத்தத்தினுடையது என்றால் இல்லை. மொழியினுடையதும் இல்லை. உர்பிலும் என்று சுமேரிய ஆவணங்களில் வரும் ஊர் இது. அசீரியர் காலத்தில் இங்கிருந்த இஷ்தார் தேவதையின் பெயரால் பெண்கள் அரசன் எஸர்ஹத்தனுக்குக் குறி சொன்னார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் இந்த ஊரை ஆண்ட அடியபீன் அரச குடும்பம் யூத மதத்தைத் தழுவியது. பின்பு கிறிஸ்தவ ஆயர்கள், அராபியர், மங்கோலியர், துருக்கியர். 1310-ல் கோட்டைக்குள் இருந்த கிறிஸ்தவர்கள் முற்றுகையிடப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். 1950-51-ல் ஊரின் யூதர்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். 'இடைவிடாமல்' என்ற ஒற்றைச் சொல் இத்தனையையும் விழுங்கிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கிறது.

இந்த ஊரின் சரித்திரத்தை எழுதிய இப்னுல் முஸ்தவ்ஃபி பதின்மூன்றாம் நூற்றாண்டுக்காரர். இங்கே மந்திரியாகவும் இருந்தவர். அவர் கட்டடங்களைப் பற்றி எழுதவில்லை, ஆட்களைப் பற்றி எழுதினார். புத்தகத்தின் அரபுத் தலைப்பை, 'புகழற்ற ஊருக்கு, அங்கே வந்து சேர்ந்த பெரியோரால் கிடைத்த புகழ்' என்று ஏறக்குறையத் தமிழாக்கலாம். வந்து சேர்ந்தவர்கள் என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். மங்கோலியத் தாக்குதலுக்குப் பிறகு அவரே ஊரைவிட்டுப் போய் 1239-ல் மோசூலில் இறந்தார். கோட்டையின் தெற்கு வாசலில் அவருக்குப் பெரிய சிலை வைத்தார்கள்.

அந்த 840 குடும்பங்களும் வந்து சேர்ந்தவர்கள்தாம். வசதியுள்ள பழைய குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே கீழே புது வீடுகளுக்கு இறங்கிவிட்டன. காலியான வீடுகளில், இராக் அரசு அழித்த கிராமங்களிலிருந்து தப்பிய ஏழைக் குர்துகள் வந்து ஒண்டினார்கள். 1988-ல் நடந்த அன்ஃபால் படுகொலையின் காலம் அது. சொந்தக்காரர்கள் இல்லை, பழைமையின் அருமை தெரியாதவர்கள் என்று அவர்களைப் பற்றிச் சொல்லலாம். ஆனால் கீழே ஆபத்து என்று மேலே ஏறியவர்களால்தானே அந்த மேடு உயர்ந்தது?

இதை இங்கே உட்கார்ந்துகொண்டு ஏளனமாக எழுதுவது சுலபம். 1920-ல் செவ்ர் உடன்படிக்கை குர்துகளுக்குத் தனி நாடு கிடைக்கலாம் என்றது. 1923-ல் லோசான் உடன்படிக்கை அவர்களைப் பற்றிப் பேசவேயில்லை. உனக்குச் சரித்திரமே இல்லை என்று சொல்லப்பட்ட ஜனங்கள் 6,000 வருஷங்களைச் சாட்சிக்கு அழைப்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. சாட்சியைத் தயார் செய்த விதத்தில்தான் ஆட்சேபணை. யாருடைய வாழ்க்கை சாட்சியமோ அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, மாதிரிக்கு ஒருவரை நிறுத்துவது.

அதுவரை அந்த மேட்டில் யாரும் தொடர்ச்சிக்காகக் குடியிருந்ததில்லை. பாதுகாப்புக்காக, தெய்வத்துக்காக, வேறு போக்கிடம் இல்லாததால் இருந்தார்கள். அவர்கள் உத்தேசிக்காமலே தொடர்ச்சி நடந்தது. 2007-ல்தான் முதல்முறையாக ஒரு குடும்பம், குடியிருக்கிறது என்று காட்டுவதற்காகக் குடியிருக்கிறது. மரபைக் காப்பாற்றவென்றே எழுதப்படும் செய்யுளில் யாப்பு பிசகுவதில்லை. எனக்கு அதன் ஞாபகம் வருகிறது. அந்தக் குடும்பத்தின் அடுப்பில் எரிவது நிஜ நெருப்பு, குழந்தையின் அழுகை நிஜம் என்று நீங்கள் வாதாடலாம். என்னிடம் முழுப் பதில் இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் ஊர் இன்னும் சுத்தமாகச் செத்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

2014 ஜூன் 21-ல் யுனெஸ்கோ அந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்குப் பதினோரு நாட்கள் முன்புதான் ஐ.எஸ். படைகள் மோசூலைப் பிடித்திருந்தன. ஆகஸ்டில் கரகோஷ் முதலிய ஊர்களிலிருந்து கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கில் எர்பிலுக்கு ஓடிவந்தார்கள். நகரையொட்டிய அன்காவாவில் தேவாலய முற்றங்களிலும், கட்டி முடியாத கட்டடங்களின் தளங்களிலும் படுத்துக் கிடந்தார்கள். மேட்டின்மேல் வீடுகள் பழுதுபார்ப்புக்காகக் காலியாக இருந்தன.