பிறர் பாடும் வேண்டுதல்: ஆங்கிலிகன் மாலை வழிபாட்டிசை எழுப்பும் ஓர் அறவினா

வழிபாட்டில் வாய் திறவாது அமர்ந்திருப்பவர் வழிபடுபவர் ஆவாரா? இங்கிலாந்துத் திருச்சபையின் பேராலயங்களில் நிகழும் 'ஈவன்சாங்' என்னும் மாலை வழிபாடு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகிறது. அங்குச் சங்கீதங்களையும் மரியாளின் பாடலையும் சிமியோனின் பாடலையும் பயிற்சி பெற்ற குழுவினரே பாடுவர். மக்கள் பெரும்பாலும் கேட்டிருப்பர்.

இதில் ஒரு முரண் உண்டு. 1549ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தில் இவ்வழிபாட்டை வகுத்தவர் தலைமைப் பேராயர் தாமஸ் கிரான்மர். துறவு மடங்களின் மாலை, இரவு வழிபாடுகளை இணைத்து, இலத்தீனுக்கு மாற்றாக ஆங்கிலத்தில் அவர் அமைத்தார். மக்கள் பொருளுணர்ந்து வழிபடவேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். இயன்றவரை ஓரசைக்கு ஒரு சுரமே போதும் என்று அரசருக்கும் எழுதினார். ஆயினும் அந்நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே வில்லியம் பேர்ட் போன்றோரின் பல்குரலிசை அவ்வெல்லையைக் கடந்துவிட்டது.

பாடப்படும் பொருளினும் பாட்டே தம்மை மிகுதியும் உருக்கும்போது தாம் பிழை செய்வதாகப் புனித அகுஸ்தீன் தம் 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில் அஞ்சுகிறார். அவ்வச்சம் இங்குப் பொருந்தும். வலியோரை அரியணையினின்று இறக்கி எளியோரை உயர்த்துபவன் இறைவன் என்பது மரியாளின் பாடற்பொருள். அரசர் ஆறாம் ஹென்றி 1441இல் நிறுவிய கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்கென ஹெர்பர்ட் ஹோவல்ஸ் 1945இல் இப்பாடலுக்கு அமைத்த இசை பேரழகுடையது. அவ்வழகில் தோய்ந்திருப்போருள் அரியணை குறித்துக் கலங்குவோர் எத்தனை பேர்? அழகு, சொல்லின் கூர்மையை மழுக்குகிறது என்னும் இக்குற்றச்சாட்டை முற்றிலும் மறுத்தல் இயலாது.

எனினும் இதனைக் கச்சேரி என்று ஒதுக்குவதும் பொருந்தாது. சங்கீதங்கள் நூற்றைம்பதும் ஒரு மாதத்தில் முடியும்படி நாள்வாரியாகப் பகுக்கப்பட்டுள்ளன. பழைய முறைப்படி பதினைந்தாம் நாள் மாலைக்குரியது எழுபத்தெட்டாம் சங்கீதம்; எழுபதுக்கும் மேற்பட்ட வசனங்களையுடையது. கேட்போர் மகிழ்ச்சியைக் கருதும் எவரும் அதனைத் தேர்ந்தெடுக்கமாட்டார். சினம், புலம்பல், பழிவேட்கை எதுவாயினும் அந்நாளுக்குரியதே பாடப்பெறும். பாடுவோரின் அன்றைய மனநிலைக்கு அங்கு இடமில்லை.

உள்ளத்து உண்மையே வேண்டுதலின் அளவுகோல் என்பார்க்கு இது குறையாகத் தோன்றலாம். என் கருத்து வேறு. வேண்டுதல் இங்குத் தனியொருவரின் உணர்ச்சி வெளிப்பாடன்று. பொதுவில் காக்கப்படும் சொல். அதனாற்றான் கத்தோலிக்கராகவே வாழ்ந்து, ஆங்கிலிகன் ஆலயத்திற்குச் செல்லாமைக்காகத் தண்டத்திற்கு உள்ளான பேர்ட், அத்திருச்சபைக்கே 'பெரும் வழிபாட்டிசை'யை ஆக்க முடிந்தது. கடவுள் உண்டெனத் துணியாத ரால்ஃப் வான் வில்லியம்ஸ், 1906இல் வெளிவந்த 'ஆங்கிலப் பாமாலை'யின் இசைப்பதிப்பாசிரியராய் இருக்க முடிந்தது. துயரால் நாவெழாத ஒருவர் பின்வரிசையில் வாளா அமர்ந்திருக்கும்போது, அவர் சொல்ல மாட்டாததைப் பிறர் அவர்பொருட்டுச் சொல்லிவிடுகின்றனர். அவர் நம்புகிறாரா என்று வாயிலில் எவரும் வினவுவதில்லை.

கேட்போரின்றிக் கச்சேரி நிகழாது. இவ்வழிபாடோ, குளிர்கால வாரநாள்களில் மக்களிருக்கைகளில் மிகச் சிலரே இருப்பினும், சங்கீதத்தில் ஒரு வசனமும் குறையாமல் நிகழ்கிறது. முடிவில் கைதட்டுவாரும் இலர்.