அவனுடைய அத்தியாயம்

போன வருட விடுமுறைக்கு வந்திருந்த ராத்தாவின் மகள், திரும்பிப் போகும்போது என் மேசையில் நான்கைந்து ஆங்கில நாவல்களை விட்டுவிட்டுப் போனாள். மறந்து விட்டுப் போனாளா, வேண்டுமென்றே விட்டுப் போனாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். "சாச்சி, நீங்க இதெல்லாம் வாசிக்கமாட்டீங்க" என்று ஒரு தடவை சொல்லியிருந்தாள். அந்தச் சொல்லுக்காகவே வாசிக்கத் தொடங்கினேன் என்றும் சொல்லலாம்.

இவற்றுக்கு 'நியூ அடல்ட்' நாவல்கள் என்று பெயர். 2009இல் சென் மார்ட்டின்ஸ் பிரஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம் ஒரு போட்டி வைத்தபோது புழக்கத்துக்கு வந்த பெயர் அது. 18 வயதைத் தாண்டி, வீட்டை விட்டு வெளியேறி, இன்னும் ஒரு நிலைக்கு வராதவர்களின் கதைகள். பெரும்பாலும் காதல் கதைகள். எழுதியவர்கள் பதிப்பகங்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஜேமி மக்குவயர் 'பியூட்டிஃபுல் டிசாஸ்டர்' நாவலை 2011இல் தானே வெளியிட்டார்; அடுத்த வருடமே ஒரு பெரிய பதிப்பகம் அதை வாங்கிக்கொண்டது. டெக்சாஸில் சமூக சேவையாளராக இருந்த கொலீன் ஹூவர் தன் முதல் நாவலை 2012இல் அப்படித்தான் கொண்டுவந்தார். அனா டொட் 2013இல் 'ஆஃப்டர்' கதையைக் கைத்தொலைபேசியிலேயே எழுதி, அத்தியாயம் அத்தியாயமாக இணையத்தில் ஏற்றினார்.

எங்கள் ஊரில் யாராவது இப்புத்தகங்களைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது படுக்கையறைப் பக்கங்களாகத்தான் இருக்கும். அவை இருக்கின்றன, தாராளமாகவே இருக்கின்றன. நான் அவற்றை வேகமாகப் புரட்டிக்கொண்டு போனேன். 62 வயதில் எனக்கு அந்த உரிமையுண்டு. என்னைத் தொந்தரவு செய்தது அவையல்ல.

'பியூட்டிஃபுல் டிசாஸ்டர்' நாவலின் நாயகன் டிராவிஸ். நிலவறைகளில் பந்தயத்துக்குச் சண்டையிடும் பல்கலைக்கழக மாணவன். ஒரு நாள் காலையில் கண்விழிக்கும்போது அபி என்ற அந்தப் பெண் சொல்லாமல் போயிருக்கிறாள். அவன் தன் வீட்டையே அடித்து நொறுக்குகிறான். கதையை அபிதான் சொல்கிறாள். ஆகவே நாம் அவளோடு வெளியே நிற்கிறோம், கொஞ்சம் பயத்தோடு. 2013இல் அதே ஆசிரியர் 'வோக்கிங் டிசாஸ்டர்' என்று இன்னொரு நாவல் எழுதினார். அதே கதை, அதே நாட்கள்; ஆனால் சொல்பவன் டிராவிஸ். முதல் நாவலில் உடைந்து கிடந்த தளபாடங்கள் தெரிந்தன. இரண்டாவதில் நாம் அவன் நெஞ்சுக்குள் போய்விடுகிறோம். தளபாடங்கள் பின்னால் போய்விடுகின்றன. சின்ன வயதில் தாயை இழந்த ஒரு பிள்ளையின் பயம்தான் முன்னால் நிற்கிறது. 'ஆஃப்டர்' கதையிலும் இதுவே நடக்கிறது. நண்பர்களோடு பந்தயம் கட்டி ஒரு பெண்ணை ஏமாற்றிய ஹார்டினுக்கு, 2015இல் 'பிஃபோர்' என்று ஒரு நூல் கிடைத்துவிடுகிறது.

இந்த வகை நாவல்களில் இது ஒரு வழக்கமாகவே ஆகியிருக்கிறது. ஓர் அத்தியாயம் அவள், ஓர் அத்தியாயம் அவன். அவள் அழுதுகொண்டிருக்கும்போது நாம் பக்கத்தைப் புரட்டினால் அவனும் அழுதுகொண்டிருக்கிறான். அவன் பொறாமை அன்பு என்றும், அவன் கோபம் பயம் என்றும் அச்செழுத்தில் உறுதியாகிவிடுகிறது. இதற்கொரு தொழில்முறைக் காரணமும் உண்டு. காதல் நாவலென்றால் முடிவு மனதுக்கு நிறைவாக, நம்பிக்கையூட்டுவதாக இருக்கவேண்டும் என்று அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கமே வரைவிலக்கணம் வகுத்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் இருவரும் சேர்ந்தாக வேண்டுமென்றால், நடுப்பக்கத்தில் அவன் செய்ததற்கு எங்கிருந்தாவது ஒரு மன்னிப்பைத் தேடித்தானே ஆகவேண்டும்?

இது புதிய நோயுமல்ல. சாமுவேல் ரிச்சட்சன் 1740இல் எழுதிய 'பமேலா'வில் வேலைக்காரப் பெண்ணைப் பலவந்தப்படுத்த முயன்ற எசமான்தான் கடைசியில் அவளுக்குக் கணவனாகிறான். பிறகு அந்த மனிதருக்கே தன் கதை பற்றிய அச்சம் வந்ததோ என்னவோ, திருந்திய தூர்த்தனே சிறந்த கணவன் என்ற எண்ணம் ஆபத்தானது என்று சொல்லிக்கொண்டு 1747-48இல் 'கிளாரிசா'வை எழுதினார். ஆனால் கடித வடிவ நாவல் அது. வில்லன் லவ்லேசும் கடிதங்கள் எழுதுகிறான், அழகாக எழுதுகிறான். வாசகிகள் அவனை விரும்பிவிட்டார்கள். அவனைத் திருத்திக் கிளாரிசாவோடு சேர்த்துவைக்கும்படி ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக் கெஞ்சினார்கள். அவர் மறுத்துவிட்டார். பின்வந்த பதிப்புகளில் லவ்லேசை இன்னும் கறுப்பாக்கியும் பார்த்தார். ஒருவனுக்குப் பேனையைக் கொடுத்துவிட்டு அவனை வெறுக்கச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரியாது.

நான் மட்டும் என்ன? பாடசாலைக் காலத்தில் ரமணிசந்திரனின் நாவல்களைப் புவியியல் புத்தகத்துக்குள் வைத்து வாசித்தவள் நான். நான் வாசித்தவற்றில் பல நாயகர்கள் காரணம் சொல்லாமல் கடுகடுப்பார்கள், சந்தேகப்படுவார்கள், குத்திப் பேசுவார்கள். கடைசி அத்தியாயத்தில் காரணம் வெளிவரும். அந்தக் காரணம் வெளிவரும் கணத்துக்காகத்தான் நாங்கள் வாசித்தோம். 'பாவம், அதனாலதானா' என்று நெஞ்சு இளகும் அந்தக் கணம் இருக்கிறதே, அதைவிட இனிப்பான ஒன்று அந்த வயதில் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் தொலைபேசியில் மருமகளிடம் சொன்னபோது சிரித்தாள். "சாச்சி, பேய்ப்படம் பார்க்கிறவங்க எல்லாம் பேயோட குடும்பம் நடத்தவா பாக்குறாங்க? எங்களுக்கு வித்தியாசம் தெரியும்" என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜனிஸ் ரட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் ஒரு நூல் வெளியிட்டார். காதல் நாவல் வாசிக்கும் சாதாரணக் குடும்பப் பெண்களோடு இருந்து, அவர்களிடமே கேட்டு எழுதியது. அந்தப் பெண்கள் ஏமாளிகளாக இருக்கவில்லை. கொடுமைக்கார நாயகர்களை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. வாசிக்கும் நேரம் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்காத, தங்களுக்கென்று எடுத்துக்கொண்ட நேரம் என்றார்கள். அப்படியொரு நேரத்தைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. ஆனால் ரட்வேக்கு ஒரு கவலையும் இருந்தது: ஆணின் முரட்டுத்தனத்தை மறைந்திருக்கும் அன்பாக வாசித்துக்கொள்ள இக்கதைகள் பழக்குகின்றனவோ என்று. மருமகளுக்கும் எனக்கும் இடையிலுள்ள வழக்கு இங்கேதான். அவள் டிராவிஸ் போன்ற ஒருவனைத் தேடிப் போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும். என் பயம் வேறு. இன்னொருத்தி அவளிடம் வந்து அழும்போது, இவள் என்ன வாசிப்பை வாசிப்பாள் என்பதுதான்.

இந்தப் பயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவேண்டும்.

மேசையில் கிடந்தவற்றில் கடைசியாக வாசித்தது கொலீன் ஹூவர் 2016இல் எழுதிய 'இட் என்ட்ஸ் வித் அஸ்'. பொஸ்டன் நகரில் பூக்கடை வைத்திருக்கும் லிலி, ரைல் என்ற மூளை சத்திரசிகிச்சை வைத்தியரைக் காதலித்து மணக்கிறாள். நல்லவன், கெட்டிக்காரன். முதல் தடவை, அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரம் அவன் கையைச் சுடுகிறது, அவள் சிரித்துவிடுகிறாள், அவன் கை அவள்மேல் பட்டு விழுந்துவிடுகிறாள். அது தற்செயல் என்று லிலி நினைத்தாள். நானும் நினைத்தேன். அடுத்த தடவை படிக்கட்டு. அதற்கும் அவனிடம் ஒரு காரணம் இருக்கிறது: ஆறு வயதில் தன் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து, உடன்பிறந்தவனைப் பறிகொடுத்தவன் அவன். வாசித்துக்கொண்டிருந்த நான் 'பாவம்' என்றேன், வாய்விட்டே. பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் தொடவில்லை.

2003ஆம் ஆண்டு. ஓர் இரவு, இஷா தொழுதுவிட்டு எழும்பும்போது என்னிடம் படித்த ஒரு பிள்ளை கதவைத் தட்டினாள். கையில் ஒன்றரை வயதுக் குழந்தை. மணிக்கட்டில் வீக்கம். எங்கள் பகுதியில் சீதன வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பார். ஆக, வீடும் அவளுடையது, வீட்டை விட்டு வந்தவளும் அவள். அவளுடைய கணவனையும் எனக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு வன்செயலில் வாப்பாவைப் பறிகொடுத்தவன். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. நான் அவளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, அவன் கண்ணால் கண்டதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். அவன் தூக்கத்தில் கத்துவதற்கும் கை நீட்டுவதற்கும் இருக்கும் தொடர்பைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன், இலக்கியம் படிப்பித்தவள் அல்லவா? அவனே வந்திருந்தாலும் தன் பக்கத்தை அவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கமாட்டான். அவள் அழுதாள், அவனுக்காக. "பொறுத்துக்க மகள்" என்று சொல்லி, பத்து மணிக்கு நானே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வருடம் அவளுடைய இடது காதின் கேள்வி போய்விட்டது.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல்தான் வந்தது, அப்போது எங்களுக்கு என்ன வழி இருந்தது என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்ததுண்டு. அது சரியான சமாதானமல்ல. சட்டம் வரும்வரை அவளை என் வீட்டில் படுக்கவைக்கக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் சொன்னவை பொய்யாக இருந்திருந்தால் விஷயம் இலகு. அவை உண்மை. அவன் காயம் உண்மை, அவன் பயம் உண்மை. மற்றவனுடைய நெஞ்சுக்குள் போய்ப் பார் என்று முப்பது வருடமாக வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன்; கதைகள் அதற்காகத்தான் என்றேன். அதை இப்போதும் மறுக்கமாட்டேன். ஆனால் ஒருவனை விளங்கிக்கொள்வது ஒன்று, மன்னிப்பது இன்னொன்று, அவனோடு ஒரே கூரையின் கீழ் படுப்பது வேறொன்று. நான் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன். அவனை விளங்கிக்கொண்டது நான். அதற்கான விலையைக் கொடுத்தது அவள். வாசகியின் நிலையும் இதுதானே! நாம் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு அவனுக்காக உருகுகிறோம், அடி விழுவது அவள்மேல். நாவலில் அந்தப் பெண் அவனுடைய அத்தியாயத்தை வாசிப்பதில்லை, நாம்தான் வாசிக்கிறோம். வாழ்க்கையில் அப்படியொரு அத்தியாயமே இல்லை. என்னைப் போன்ற யாராவதுதான் அதை எழுதி அவள் கையில் கொடுக்கிறார்கள்.

அவன் பக்கத்தை எழுதவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. தமாரா வெபரின் 'ஈஸி' (2012) நாவலில் வரும் லூகசும் பயங்கரமான ஒன்றைச் சிறுவயதில் கண்டவன்தான். அவன் கதையும் பிறகு தனி நூலாக வந்தது. ஆனால் அந்தக் காயம் யாரையும் அடிப்பதற்கு அனுமதிச்சீட்டாகவில்லை. அந்த நாவலில் என் மனதில் நின்றது காதலுமல்ல; ஒருவனால் தாக்கப்பட்ட பெண்கள் வாய் திறந்து முறைப்பாடு செய்யும் பகுதிதான்.

மூன்றாம் நாள் மீண்டும் ஹூவரின் புத்தகத்தை எடுத்தேன். அதில் ரைலுக்கு ஓர் அத்தியாயம்கூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். முழுக் கதையும் லிலியின் குரல். அவனுக்குக் காரணம் இருக்கிறது, அழுகை இருக்கிறது, அன்பும் இருக்கிறது. பேனை மட்டும் இல்லை. பெண் குழந்தை பிறந்த கையோடு லிலி அவனிடம் கேட்கிறாள்: நாளைக்கு இந்த மகள் வந்து, தான் நேசிப்பவன் தன்னை அடித்துவிட்டான் என்று சொன்னால் நீ என்ன சொல்வாய் என்று. அவனால் பொய் சொல்ல முடியவில்லை. பிரிகிறார்கள். ஆசிரியர் தன் தாய் தன் தந்தையிடமிருந்து வெளியேறியதை மனதில் வைத்து எழுதியது என்று நூலின் முடிவில் சொல்கிறார்.

குறைகள் இல்லாமலில்லை. லிலிக்குச் சொந்தக் கடை இருக்கிறது, கையில் காசு இருக்கிறது, அட்லஸ் என்று ஒரு பழைய காதலன் தேவதூதன்போலக் காத்திருக்கிறான். இத்தனையும் இல்லாதவள் என்ன செய்வாள் என்று நாவல் கேட்கவில்லை. 2023இல் இந்தக் கதைக்கு வர்ணம் தீட்டும் புத்தகம் ஒன்று வரப்போவதாக அறிவித்து, வாசகர்கள் கொதித்தெழுந்ததும் மன்னிப்புக் கேட்டுக் கைவிட்டார்கள். அடிபட்ட பெண்ணின் கதைக்கு எந்த இடத்தில் எந்த வர்ணம் தீட்டுவது என்று நினைத்தார்களோ!

என் பழைய மாணவி இப்போது தனியாகத்தான் இருக்கிறாள், அதே வீட்டில். தையல் தொழில். அன்று மடியில் கிடந்த குழந்தைக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. (அவளிடம் கேட்டு, அவள் ஓம் என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன்.) போன மாதம் தைத்த உடுப்பைக் கொடுக்க வந்தவள் மேசையிலிருந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்து, "என்ன டீச்சர் கதை?" என்று கேட்டு, வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கதிரையில் இருந்தாள். நான் சொன்னேன். பூக்கடை, வைத்தியர், அடுப்பு, படிக்கட்டு. துப்பாக்கிக் கதையையும் சொன்னேன். அந்த இடத்தில் அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"கடைசியா அடிபட்ட அண்டைக்கு ராவு எங்க போனாளாம்?"

"பழைய கூட்டாளி ஒருத்தன் வீட்டுக்கு. அவன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காட்டி, வீட்டுல ஒரு அறையைக் கொடுத்து இருக்கவெச்சான்."

கொஞ்ச நேரம் புத்தகத்தின் அட்டையில் இருந்த பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் அவளத் திரும்பிப் போகச் சொல்லல்லயா, டீச்சர்?"

"இல்ல" என்றேன்.